எழுபத்திரண்டில் ஒரு பங்கு

பைல் நாட்டில் ஐப்பசி பிறந்துவிட்டால் மாலை நான்கு மணிக்கே விளக்கேற்ற வேண்டும். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறிவரும் பேருந்து, மூடுபனிக்குள் விளக்கை எரியவிட்டபடி ஊர்ந்து வரும். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள் மழை விட்ட பின்னும் சொட்டிக்கொண்டே நிற்கும். அத்தகைய மாலையொன்றில் அந்தப் பெரியவர் தம் மகளின் கையைப் பற்றிக்கொண்டு பங்கு இல்லத்தின் படியேறினார். அக்குளில் ஓர் அட்டைப்பெட்டி, நனையாதிருக்கப் பாலித்தீன் உறையில் சுற்றப்பட்டிருந்தது.

பெரியவர் கடற்கரைக்காரர், தூத்துக்குடிப் பக்கத்தவர். மகள் இம்மலையில் பள்ளி ஆசிரியை. மனைவியை அடக்கம் செய்தபின் மகளோடு வந்து தங்கிவிட்டார். கண்ணில் நீரழுத்த நோய் முற்றி, வெளிச்சமும் நிழலும் மட்டுமே தெரியும் நிலை. திருப்பலியின்போது கடைசி வரிசையில் சுவரைத் தொட்டபடி அமர்ந்திருப்பார். ஓய்வுபெற்ற கடற்படை வீரர் என்பதற்குமேல் அவரைப்பற்றி நாம் ஒன்றும் அறிந்திருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவருக்குப் பங்குத்தந்தையாய் இருந்தும் இவ்வளவே அறிந்திருந்தோம் என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும்.

“சாமி, நீங்க நல்லாக் குடில் கட்டுவீங்கன்னு மக சொல்லுது. இதையும் கட்டித் தருவீங்களா?”

பெட்டியைத் திறந்தோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பேரன் அனுப்பியிருந்த விமான மாதிரிப் பொதி அது. சாம்பல்நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் சிறிதும் பெரிதுமாய் உறுப்புகள் கோத்துக் கிடந்தன. வெட்டியெடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசினால் ‘ஸீ ஹாக்’ எனும் கடற்படைப் போர்விமானம் உருவாகும். தாத்தாவுக்குக் கண் அவ்வளவு மங்கிவிட்டதைப் பேரன் அறிந்திருக்கவில்லை. அவனிடம் சொல்லவும் பெரியவருக்கு மனமில்லை.

குருமடத்தில் பயின்ற காலந்தொட்டு முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் குடில் கட்டி வருகிறோம். அந்தப் பெருமிதத்தில் உடனே இசைந்துவிட்டோம். குடிலுக்கும் இதற்கும் உள்ள தொலைவு அப்போது தெரியவில்லை. குடிலில் அளவென்று ஒன்று கிடையாது. ஞானியரின் ஒட்டகத்தைவிட இடையரின் ஆட்டுக்குட்டி பெரிதாய் நிற்கும்; வைக்கோல் கூரையைவிட வானதூதர் கனமாய்த் தொங்குவார். பார்ப்பவர் எவரும் குறை சொல்வதில்லை. இங்கோ எல்லாம் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஆறடி ஓரங்குலம் ஆவதால் இக்கணக்கு வந்தது. ஆறடி மனிதன் இதில் ஓர் அங்குலம் நிற்பான். மெய்யான ஸீ ஹாக் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம். நம் கைக்கு வந்தது 17 சென்டிமீட்டர். அது ஏறிச்சென்ற ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலையும் இதே கணக்கில் செய்தால் ஏறக்குறைய 3 மீட்டர் வரும். நம் ஆலயத்துப் பீடமேடையை அது அடைத்துக்கொள்ளும்.

இந்த எழுபத்திரண்டாம் பங்குக் கணக்கு விளையாட்டறையில் மட்டும் வளர்ந்ததன்று. 1942-இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவரிடம் இதே அளவில் ஐந்து லட்சம் மர விமானங்களைச் செதுக்கித் தரும்படி கேட்டது. வானில் கரும்புள்ளியாய்த் தெரியும் விமானம் நம்முடையதா, எதிரியுடையதா என்று வீரர்கள் ஒரே பார்வையில் கண்டுகொள்ளப் பழகுவதற்காகக் கேட்கப்பட்டவை அவை. பள்ளிப் பட்டறையில் உப்புத்தாள் தேய்த்த சிறுவர்கள், தாங்கள் அறிந்தோ அறியாமலோ, எதைச் சுடுவது எதை விடுவது என்று சொல்லிக்கொடுக்கும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தார்கள். இச்செய்தியை நாம் வாசித்துக் காட்டியபோது பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. “ம்” என்றார்.

அன்றுமுதல் செவ்வாய், வியாழன் மாலைகளில் பங்கு இல்லத்துத் திண்ணையில் இருவரும் அமர்ந்தோம். வேலைமுறையும் தானே அமைந்தது. நாம் வெட்டுவோம், தேய்ப்போம், பொருத்திப் பார்ப்போம். ஒட்டுமுன் அவர் கையில் கொடுப்போம். அவர் விரலால் தடவிப் பார்த்துச் சரி என்றாலொழிய ஒட்டுவதில்லை. இந்தப் பசை நம் வீட்டுப் பசைபோல் இரு பொருளை நடுவே நின்று பிடித்துக்கொள்வதன்று. இரண்டு ஓரங்களையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்த பின் பிரிக்க நினைத்தால் உடைக்கத்தான் வேண்டும்.

விமானத்தின் உடலை ஒட்டிய நாளில் அவர் விரல்கள் இறக்கையின் வேரருகே பின்பக்கத்தில் நின்றன. வலப்புறம் ஒரு வாய், இடப்புறம் ஒரு வாய். “இதான் சாமி இவளோட அழகு” என்றார். ஜெட் எஞ்சின் வந்த புதிதில், உடலின் நடுவே எஞ்சினை வைத்து, வெப்பக் காற்றை வால்முனை வரை நீண்ட குழாயால் கொண்டுசென்று வெளிவிடுவதே பலரின் வழக்கம். குழாய் நீள நீள உந்துவிசை குறையும். ஹாக்கர் நிறுவனத்து வடிவமைப்பாளர் சிட்னி காம் குழுவினர் அக்குழாயை இரண்டாகக் கிளைத்து, இறக்கைகளின் அடியிலேயே இருபுறமும் வெளியேறச் செய்தார்கள். உடலின் பின்பாதி ஒழிந்து, எரிபொருளுக்கு இடம் கிடைத்தது. அதன் முன்மாதிரி 1947 செப்டம்பர் 2 அன்று முதன்முதலாகப் பறந்தது. பிரிட்டனின் கடற்படையில் 1953-இல் சேர்ந்தது. 1956-இல் சூயஸ் போரில் குண்டு வீசியது. ரோல்ஸ்-ராய்ஸின் நீன் எஞ்சின் ஒன்று, 20 மி.மீ. பீரங்கிகள் நான்கு, கப்பலின் கீழ்த்தளத்தில் அடக்கிவைக்க மேல்நோக்கி மடியும் நேரான இறக்கைகள். மணிக்கு ஏறத்தாழ 960 கி.மீ. வேகம். அக்காலத்திலேயே இதைவிட விரைவான விமானங்கள் வந்துவிட்டன. ஆயினும் இதைப்போல் சொன்ன சொல் கேட்பது வேறில்லை என்று விமானிகள் பேசிக்கொள்வார்களாம்.

நம் நாட்டுக் கடற்படைக்காக 300-ஆம் விமான அணி 1960 ஜூலையில் பிரிட்டன் மண்ணில் தொடங்கப்பட்டது. பாயும் வெள்ளைப்புலி அதன் சின்னம். விக்ராந்த் 1961 மார்ச் 4-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் நம் கொடி ஏற்றியது. இவ்விமானங்களுக்கு இந்தியக் கரையில் முதல் வீடு எதுவென்று கேட்டால் பலருக்கும் தெரியாது: நம் கோவையை அடுத்த சூலூர். ஐ.என்.எஸ். ஹன்சா எனும் கடற்படை விமானத்தளம் 1961 செப்டம்பரில் சூலூரில்தான் தொடங்கியது. 1964-இல் கோவாவுக்கு மாறியது. கடலே இல்லாத கொங்கு நாட்டுச் சோளக்காட்டின்மேல் கடற்பருந்துகள் பயின்ற காலம் ஒன்று இருந்தது.

பெரியவர் பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்தவர். விக்ராந்தின் மேல்தளத்தில் விமானங்களைத் தள்ளி நிறுத்துவதும், சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதும், நீராவிக் கவணோடு விமானத்தை எஃகு வடத்தால் பிணைப்பதும் அவருடைய பிரிவின் வேலை. எஞ்சின் இரையும்போது ஒரு சொல்லும் கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். நம்மோடு பேசும்போதும் அவர் கை தானாகவே உயரும், விரியும், மடங்கும். பார்வையிழந்த பிறகும் அந்தக் கைமொழி அவரை விட்டுப் போகவில்லை.

இனி நம் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்சக்கரம் ஒன்றும் பின்சக்கரம் இரண்டுமாய் நிற்கும் விமானம் இது. மாதிரியில் எஞ்சினின் கனம் இல்லாததால் மூக்குக்குள் ஏதேனும் பாரம் வைத்தே உடலை மூட வேண்டும். விளக்கத்தாளில் அது குறிக்கப்பட்டும் இருந்தது. இத்தனை சிறிய பொருளுக்குப் பாரம் எதற்கு என்று எண்ணி மூடிவிட்டோம். சக்கரங்களைப் பொருத்தி மேசையில் வைத்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் அமர்ந்தது. மீண்டும் நிறுத்தினோம், மீண்டும் அமர்ந்தது. நம் மௌனத்திலிருந்தே பெரியவர் கண்டுகொண்டார். “உக்காந்துட்டாளா?” என்று கேட்டுச் சிரித்தார். திண்ணைத் தூணில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா போனதற்குப் பின் அப்பா இப்படிச் சிரித்துக் கேட்டதில்லை என்று மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

பிளேடால் மூக்கைப் பிளந்தோம். ஒரு பக்கம் விரிசல் கண்டது. அடுத்த முறை வரும்போது பெரியவர் சட்டைப்பையிலிருந்து நான்கு ஈயமணிகளை எடுத்து வைத்தார். அவர் தந்தையின் வீச்சுவலை ஓரத்தில் கோத்திருந்தவை. வலை மக்கிப்போய் ஐம்பது ஆண்டுகளாகிறது. அவற்றுள் மூன்று மூக்கில் அடங்கின. நான்காவது இப்போதும் நம் மேசையில் தாள் பறக்காதிருக்கப் பயன்படுகிறது. விரிசலைப் பட்டி வைத்து உப்புத்தாளால் தேய்த்தோம். உற்றுப் பார்ப்பவருக்கு வடு தெரியும்.

வண்ணம் பூசுவது இம்மலையின் மழைக்காலத்தில் ஒரு தவம். ஈரக்காற்றில் பூசிய பூச்சு காயாது. காய்ந்தாலும் வெண்படலம் பூத்துவிடும். முதற்பூச்சு முழுவதையும் துடைத்தெடுக்க நேர்ந்தது. அடுப்பருகே வைக்கலாம் என்று சமையலறைக்குக் கொண்டுபோனோம். இரசத்தில் தின்னர் வாடை வருகிறதென்று சமைக்கும் அம்மாள் இரண்டே நாளில் விமானத்தை வெளியேற்றிவிட்டார். கடைசியில், கோழிக்குஞ்சுக்கு வெப்பமூட்டுவதுபோல், தகரப்பெட்டி ஒன்றுக்குள் நாற்பது வாட் குண்டுபல்பைத் தொங்கவிட்டு அதற்குள் வைத்தோம். மின்சாரம் இருந்த நேரமெல்லாம் விமானம் வெயில் காய்ந்தது. மேற்புறம் கருஞ்சாம்பல், அடிப்புறம் வெளிர்பச்சை கலந்த வானநிறம். பொதியில் வந்த சின்னங்கள் பிரிட்டனின் கடற்படைக்கு உரியவை. ஆகவே காவி, வெள்ளை, பச்சை வட்டங்களை நாமே கவராயம் கொண்டு வரைந்தோம். புலியைப் பங்கிலுள்ள எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், தூரிகையில் நாலைந்து முடியை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட்டு, மூக்கருகே வரைந்து கொடுத்தான். நெல் அளவுப் புலி. பூனை என்று சொல்லவும் இடமுண்டு, ஆனால் பாய்கிறது.

இதற்கிடையில் உபதேசியாரின் மகன் தன் பழைய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். பஜாஜ் நிறுவனத்தின் ‘வி’ வண்டி. விக்ராந்த் 1997 ஜனவரியில் பணி ஓய்வு பெற்று, மும்பையில் சில காலம் அருங்காட்சியகமாய் நின்று, 2014-இல் உடைக்கப்பட்டது. அந்த இரும்பை வாங்கிக் கலந்து செய்த பெட்ரோல் டாங்கி என்ற அறிவிப்போடு 2016-இல் அவ்வண்டி விற்பனைக்கு வந்தது. இதைச் சொன்னதும் பெரியவர் மழையில் இறங்கிச் சென்று டாங்கியின்மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். இளைஞனுக்கு ஒன்றும் புரியவில்லை. “அண்ணே, சூடா இருக்கும்” என்றான். வயதில் தாத்தாவை அண்ணன் என்று அழைத்த அந்தப் பதற்றத்தை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

இறுதியாக எஞ்சியவை இறக்கையடியில் தொங்கவேண்டிய குண்டுகள். 500 பவுண்டுக் குண்டு இவ்வளவில் ஓரங்குலத்தைத் தொடாது. நாம் அவற்றைச் சட்டத்திலிருந்து வெட்டவே இல்லை. திருவருகைக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. விமானத்தைப் பங்கு இல்லத்து முன்னறையில் சிறுவர் காண வைக்கவேண்டும் என்பது நம் எண்ணம். வாள் கலப்பைக் கொழுவாகும் இறைவாக்கினரின் காட்சியைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை ஆற்றுகிற வாய் இது. குண்டில்லாத விமானம் பார்க்கவும் நன்றாகவே இருந்தது. ஆகவே, “இவ்வளவு போதும் ஐயா, பறவை போலிருக்கிறது” என்றோம்.

பெரியவர் இறக்கையின் அடிப்புறத்தைத் தடவினார்.

“குண்டு எங்க சாமி?”

சொன்னோம். அவர் முகம் மாறவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது. “அப்ப இது பொய் சாமி” என்றார்.

பிறகு அவர் சொன்னதை இங்கே எழுதுகிறோம். இது ஒப்புரவு அருட்சாதனத்தில் சொன்னதன்று. அங்கே சொல்லியிருந்தால் இக்கட்டுரையே எழுந்திராது. பகல் வேளையில், திண்ணையில், மகளும் கேட்டிருக்கச் சொன்னது. எழுதலாம் என்று அவரே இசைந்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

1971 டிசம்பர் 4. விக்ராந்த் வங்கக்கடலில் நின்றது. அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகம் எடுக்க இயலாத கப்பலைப் போருக்கு அனுப்புவதா என்று மேலிடத்திலேயே தயக்கம் இருந்த காலம். அன்று காலை எட்டு ஸீ ஹாக்குகள் கிளம்பி, கிழக்குப் பாகிஸ்தானாய் இருந்த நிலத்தின் காக்ஸ் பஜார் விமானத்தளத்தைத் தாக்கின. தொடர்ந்த நாட்களில் சிட்டகாங் துறைமுகமும் பிறவும் தாக்குதலுக்கு உள்ளாயின. இவை வரலாற்று நூல்களில் உள்ளவை. நூல்களில் இல்லாதது இது: கிளம்புமுன் ஒரு விமானத்தின் குண்டில் இருபத்தொரு வயது இளைஞன் ஒருவன் சாக்குக் கட்டியால் ‘மாதா துணை’ என்று தமிழில் எழுதினான்.

“வெறுப்பில்லை சாமி. மத்தவங்க என்னென்னமோ எழுதுனாங்க. எனக்கு எழுதத் தெரிஞ்சது அதுதான். எங்க ஊர்ல கரையை விட்டுப் போற எதுலயும் அதைத்தானே எழுதுவோம்? வள்ளத்துல, தோணியில. கை தானா எழுதிருச்சு. வடத்தைப் பூட்டி, கவண் எறிஞ்சு, அது கண்ணுக்கு மறைஞ்ச பெறகுதான், எதுல எழுதுனோம்ன்னு மனசுல பட்டுச்சு. எங்கன விழுந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஓடுதளத்துல விழுந்துச்சோ, ஆளு மேல விழுந்துச்சோ.”

அவர் கேட்டது இதுதான்: குண்டைத் தொங்கவிட வேண்டும், அதில் அந்தச் சொற்களையும் எழுத வேண்டும்.

நாம் மறுத்துவிட்டோம். குண்டைத் தொங்கவிடுகிறோம், எழுத மாட்டோம் என்றோம். அன்னையின் பெயரைக் குண்டில் எழுதுவதற்கு, அது அங்குலமே உள்ள பிளாஸ்டிக் ஆனாலும், குருவின் கை துணியாது என்றோம். சற்று உரத்தும் சொல்லியிருப்போம். பெரியவர் மகளைக் கூப்பிட்டு எழுந்து போனார். அடுத்த செவ்வாய் வரவில்லை. வியாழனும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் சுவரோரம் காலியாய் இருந்தது.

அந்நாட்களில் மேசைமேல் நின்ற விமானத்தைப் பார்க்கும்போதெல்லாம் கொல்லிப்பாவையின் நினைவு வந்துகொண்டே இருந்தது. இம்மலையைப்பற்றிச் சங்கச் சான்றோர் பாடியவற்றுள் வல்வில் ஓரியின் ஓரம்புக்கு அடுத்தபடி பெயர்பெற்றது இப்பாவை. பூதம் செய்தது என்பர். தெய்வம் அமைத்தது என்பர். அழகாய்ச் சிரித்து, மயங்கி வந்தவரைக் கொல்லும் எந்திரம் என்று பிற்காலத்தார் விரித்துரைப்பர். கையால் செய்த வடிவம், பார்த்தால் அழகு, அதன் வேலை கொலை. இவை மூன்றையும் ஒளிக்காமல் ஒரே பாவைக்குள் வைத்த மூத்தோர் நம்மைவிட நேர்மையானவர்கள் என்றே தோன்றியது. நாம் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடப் பார்த்தோம்.

குருமடத்தில் படித்த பாடமும் உறுத்தியது. 787-இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் திருவுருவங்களைப்பற்றித் தீர்ப்பளித்தபோது, உருவத்துக்குச் செலுத்தும் வணக்கம் அதன் மூலத்தைச் சென்றடைகிறது என்று கற்பித்தது. தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றோம். வணக்கம் உருவத்தின் வழியே மூலத்துக்குச் செல்லுமானால், ஒரு மனிதன் ஐம்பது ஆண்டுகளாகச் சுமக்கும் வருத்தமும் அவ்வழியே செல்லக்கூடாதா? இது சங்கம் சொன்னதன்று, நம் கேள்வி. இறையியல் பேராசிரியர் எவரேனும் வாசித்தால் சிவப்பு மையால் கோடிடட்டும். அவர் கேட்டது அலங்காரம் அன்று என்பது மட்டும் தெளிவாயிற்று. தாம் செய்தது செய்தபடியே, வேறொருவர் கண்ணால் ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். தம் கண்ணால் இனி அவர் பார்க்க இயலாது.

பத்தாம் நாள், மழை சற்று விட்ட பொழுதில், விமானத்தைத் தகரப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தோம். பலாத்தோப்பு வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர். தையல் ஊசி, வெள்ளை வண்ணம், குண்டுகள் எல்லாம் கைப்பையில் இருந்தன. பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “வாங்க சாமி” என்றார், வேறொன்றும் பேசவில்லை. ஊசிமுனையை வண்ணத்தில் தொட்டு எழுதினோம். நான்கே எழுத்து. மூச்சை அடக்கிக்கொண்டு எழுதியும் நான்கு வெண்கீற்றுகளாகவே விழுந்தன. எவரும் வாசிக்க முடியாது. சொல்லிவிட்டோம்.

“அன்னைக்கும் அப்படித்தான் சாமி இருந்துச்சு. ஈரத்துல சாக்குக்கட்டி சரியா எழுதலை” என்றார்.

குண்டு காய்ந்ததும் இறக்கையடியில் ஒட்டினோம். மகள் காப்பி கொண்டுவந்தாள். பெரியவர் விமானத்தை வாங்கி மடியில் வைத்து, மூக்கிலிருந்து தொடங்கினார். விமானி அறை, காற்று புகும் வாய்கள், இறக்கை, குண்டுகள் ஒவ்வொன்றாய், வெப்பக்காற்று வெளியேறும் இரு வாய்கள், பிறகு வால். வாலின் அடியில் விரலை ஓட்டினார். முன்னும் பின்னுமாய் மீண்டும் ஓட்டினார்.

“சாமி, கொக்கி?”

திகைத்தோம். விமானம் கப்பலில் இறங்கும்போது வாலடியிலிருந்து ஒரு கொக்கி கீழே நீளும். மேல்தளத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய எஃகு வடங்களுள் ஒன்றை அது பற்றினால்தான் விமானம் நிற்கும்; பற்றாவிட்டால் மீண்டும் மேலெழும்பிச் சுற்றிவர வேண்டும், அல்லது கடல். மாதிரியின் கொக்கி ஒரு கம்பளிப்பூச்சி அளவுகூட இல்லாத உறுப்பு. வெட்டியெறிந்த சட்டத் துண்டுகளோடு அதையும் வாரிக் குப்பையில் போட்டிருக்கிறோம். என்று போட்டோம் என்றுகூட நினைவில்லை. குண்டை வேண்டுமென்றே விட்டோம். கொக்கியை அறியாமலே விட்டிருந்தோம்.

“போறதுக்கு எல்லாம் வச்சிட்டீங்க சாமி. வர்றதுக்கு ஒண்ணும் வைக்கலையே” என்றார் பெரியவர். கோபமில்லை. மேல்தளத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தவரின் குரல் அது. எட்டு போயிருந்தால் எட்டு வரவேண்டும். எண்ணி முடியும்வரை எவரும் உட்கார்வதில்லையாம்.

மகள் அலமாரியிலிருந்து தம் தாயின் அறுந்த ஜெபமாலையை எடுத்து வந்தாள். மணிகள் பாதிக்கு மேல் உதிர்ந்துபோய்க் கம்பி மட்டும் எஞ்சியிருந்தது. அதில் விரற்கடை அளவு நறுக்கினோம். சாமணத்தால் நாம் வளைத்தது கூர்மையாய் மடிந்துவிட்டது. பெரியவர் வாங்கினார். நகத்தின்மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, ஒரே முறையில் வளைத்துக் கொடுத்தார். தூண்டில்முள் வளைத்துப் பழகிய கை. பிளாஸ்டிக் பசை உலோகத்தைப் பிடிக்காது என்பதால் வேறு பசை தேடினோம். மகளின் செருப்புக்கு வாங்கிவைத்த ஃபெவிக்விக் ஒரு சொட்டு மீதமிருந்தது.

ஒட்டி முடிப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. “புடிச்சிருச்சா சாமி?” என்று இருட்டிலிருந்து கேட்டார். இன்னும் சற்றுப் பொறுங்கள் என்று சொல்லி, விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.